அருளம்பலம் மாஸ்டரின் மழைத்தண்ணீர்

அன்று காலை கடையில் ஒரு சுவர் மணிக்கூட்டைக் கழற்றிக்கொண்டிருந்தேன். கோண்டாவிலிலிருந்து சைக்கிளில் வந்தவர் வாசலில் நின்றபடியே சொன்னார்: "அண்ணை, அருளம்பலம் மாஸ்டர் மோசம் போயிட்டார்." கழற்றியதை நான் அன்று மறுபடி பூட்டவில்லை.

செத்தவீட்டில் பேசியவர்கள் அவரை ஒழுக்கமானவர், நேரம் தவறாதவர் என்றார்கள். உண்மைதான். ஆனால் அவர் எதை நினைத்து வாழ்ந்தாரோ அதை ஒருவரும் சொல்லவில்லை. ஆகவே நான் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட மணிக்கூட்டுக்காரன் இதையெல்லாம் எழுதலாமா என்று கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை.

மாஸ்டர் ஒரு கல்லூரியில் விலங்கியல் படிப்பித்தார். திருகாணி தேய்ந்த நுணுக்குக்காட்டி ஒன்றைத் துணியில் சுற்றிக்கொண்டு என்னிடம் வந்தார். திருத்திக் கொடுத்ததும், "முதலிலை நீங்கள் பாருங்கோ அண்ணை" என்றார்.

வைக்கோல் ஊறிய கிணற்றுத்தண்ணீரில் ஒரு துளி. அதற்குள் செருப்பின் அடிபோலச் சிறு உயிர்கள் ஓடின. கண்ணில்லை, மூளையில்லை. உடம்பைச் சுற்றியுள்ள நுண்மயிர்களே துடுப்பு. எதிலாவது முட்டினால் துடுப்பை மறுபக்கம் வீசிப் பின்வாங்கி, வேறு திசையில் போகும்.

"உதுக்கு ஆர் படிப்பிச்சது?" என்று கேட்டேன்.

"எங்கடை கிணறு," என்றார் மாஸ்டர்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நம் நிலம் சுண்ணாம்புக்கல். கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவது தண்ணீரில் கரைந்த அந்தச் சுண்ணாம்புதான். முட்டும்போது அதில் சிறிது உயிருக்குள் நுழைகிறது, துடுப்பைத் திருப்புவது அதுதான். பிறகு உயிர் அதை வெளியே தள்ளிவிட்டு முன்னேறுகிறது என்பது மாஸ்டரின் எண்ணம். உள்ளே நடப்பதைக் காட்ட முடியாது, அது ஊகம் என்று அவரே சொல்வார். ஆனால் ஒன்றைக் காட்டலாம். மழைத்தண்ணீரில் நன்றாகக் கழுவிவிட்டால் அவை பின்வாங்காது. முட்டிய இடத்திலேயே முட்டிக்கொண்டு நிற்கும்.

"முட்டுறது வேறை அண்ணை, முட்டினதை அறியிறது வேறை."

நான் ஒப்பவில்லை. மழைத்தண்ணீரில் உடம்பு தளர்ந்துதான் நிற்கின்றன என்று ஒரு மாரி முழுவதும் வாதாடினேன். வாதாட வாதாட மாஸ்டருக்கு மகிழ்ச்சி.

மாணவர்களும் இதைப் பார்க்க, கல்லூரியில் வெறுமையாகக் கிடந்த ஓர் அறையை அவர் கேட்டார். செய்துகாட்டினால் தரலாம் என்றார் அதிபர். நானும் போயிருந்தேன். காத்திருந்த பதற்றத்தில் மாஸ்டர் வெற்றிலை போட்டார். அதிபர் வந்ததும், மழைத்தண்ணீரில் கழுவிவைத்திருந்த உயிர்களில் ஒரு துளியை அவசரமாக வைத்து, வழிந்ததை விரலால் ஒதுக்கினார். உயிர்கள் முட்டின. முட்டியதும் அழகாகத் திரும்பின.

"என்ன மாஸ்டர், உதுகள் திரும்புதுகளே! சுண்ணாம்பு உம்முடைய வெத்திலைக்குத்தான் தேவை போலை."

எல்லாரும் சிரித்தார்கள். அந்த அறைக்குள் உடைந்த வாங்கு மேசைகளை அடுக்கினார்கள்.

பின்னேரம் மாஸ்டர் கடைக்கு ஓடிவந்து விரலை நீட்டினார். நுனியில் வெள்ளை. "பாத்தியளே அண்ணை! எள்ளளவு சுண்ணாம்பு. நான் காணேல்லை, உதுகள் கண்டிட்டுதுகள்!" தோற்ற மனிதரின் முகமல்ல அது. தளர்ச்சிதான் காரணமென்றால், எள்ளளவு சுண்ணாம்பு எப்படித் திருப்பும்? அன்றுதான் நான் ஒப்பினேன்.

ஆனால் அதிபர் மறுபடி வரவில்லை. கேட்கும்போதெல்லாம், "பிறகு பாப்பம்." மாஸ்டர் சுண்ணாம்பை விட்டார். "சுண்ணாம்பில்லாத வெத்திலை புல்லு மாதிரி அண்ணை," என்று சில நாளில் வெற்றிலையையும் விட்டார். மாரி தோறும் போத்தலில் மழைத்தண்ணீர் பிடித்துவைத்துக் காத்திருந்தார்.

நேற்று எட்டுச்செலவு, மாஸ்டர் போய் எட்டாம் நாள். ஓய்வுபெற்றுவிட்ட அதிபர் பொல்லூன்றி வந்தார். மாஸ்டரின் மனைவி வெற்றிலைத் தட்டத்தைக் கொண்டுவந்து வைத்தார். நான் அதை இழுத்து அப்பால் வைத்தேன்.

"கையைக் கழுவிப்போட்டு வாங்கோ ஐயா."

"ஏன்?"

"பிறகு பாப்பம் எண்டு சொன்னனீங்கள். இதுதான் பிறகு."

சபையில் இது முறையா என்று ஒருவர் முணுமுணுத்தார். நான் அசையவில்லை. அதிபர் எழுந்து போய்க் கைகழுவினார். யன்னலோரம் நுணுக்குக்காட்டி ஆயத்தமாக இருந்தது. மாஸ்டரின் போத்தலில் மிஞ்சியிருந்த மழைத்தண்ணீரில் அந்த உயிர்களைக் காலையிலேயே கழுவிவைத்திருந்தேன். குனிந்தவர் வெகுநேரம் நிமிரவில்லை.

"திரும்பேல்லை," என்றார். "முட்டிக்கொண்டே நிக்குதுகள்."

ஊசிமுனையில் சிறிது கிணற்றுத்தண்ணீர் தொட்டு வைத்தேன்.

"ஓம்..." என்றார். கண்ணை எடுக்காமலே மறுபடியும், "ஓம். திரும்புதுகள்."

மாஸ்டர், அவர் பார்த்துவிட்டார். இனி நீங்கள் போய் வாருங்கள்.