எக்ஸ்ரே பட்ட பால்

ஃபிஜியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு, எங்கள் ஊர் நசினுவில் இரண்டு பேர் சந்தித்தால் முதல் கேள்வியே, "பேப்பர் வந்துச்சா?" என்பதுதான். எங்களுக்கு ஆஸ்திரேலியா போகப் பேப்பர் வந்தபோது மகனுக்கு நான்கு மாதம். வெள்ளிக்கிழமை தலைநகர் சுவாவில் அதற்கான மெடிக்கல் செக்கப். எனக்கு நெஞ்சில் எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

கேட்டதும் என் நாத்தனார் பதறிவிட்டார்.

"எக்ஸ்ரே பட்டா பாலு கெட்டுப்பூடும். அப்பறம் புள்ளைக்குக் குடுக்கக் கூடாது."

"யாரு அண்ணி சொன்னது?"

"ஊரே சொல்லுது. உனக்குத் தனியா வந்து சொல்லணுமா?"

ஊர் சொல்லத்தான் செய்தது. பேப்பர் வந்த வீடுகளிலெல்லாம் புட்டி வாங்கியிருந்தார்கள். புட்டிப்பாலை நான் குறையாக நினைத்ததில்லை. தையல் ஃபேக்டரிக்குப் போகிற பெண்கள் கொடுத்தார்கள். அவர்கள் பிள்ளைகளும் கொழுகொழுவென்றுதான் இருந்தன. ஆனால் இதை என் மகனுக்கு யார் சொல்வது?

என் வீட்டுக்காரர் பால்பவுடர் டின்னோடு வந்தார். ஐந்து நாள் பயிற்சி. அவன் ரப்பரை நாக்கால் தள்ளினான். நாத்தனார் என் கவுனைப் போட்டுக்கொண்டு கொடுத்துப் பார்த்தார். அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு முகத்திலேயே துப்பினான்.

"சோல்ஜர் மாதிரி மொறைக்கிறான் தம்பி, உன் மவன்!"

"செக்பாயிண்ட்ல நிக்க வெச்சிடலாம்க்கா. வேஷத்த ஒடனே கண்டுபுடிக்கிறான்," என்றார் இவர்.

நானும் சிரித்தேன். ஆனால் வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் இவன் என்னதான் குடிப்பான்?

வெள்ளிக்கிழமை எக்ஸ்ரே அறை வாசலில், இதுதான் கடைசி என்று பால் கொடுத்தேன். பிள்ளையை இவர் கையில் கொடுத்துவிட்டு அழுதுகொண்டே உள்ளே போனேன். படம் எடுக்கிற அம்மா ஃபிஜியின் பூர்வகுடிக்காரர். இங்குள்ள இந்தியர்கள் பேசும் ஹிந்தியில், "ஏன் அழற, பஹினி?" என்று தங்கையைக் கூப்பிடுகிற மாதிரி கேட்டார். சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் மேசை ஆடியது.

"இது நெஞ்சைப் படம் புடிக்கும், அவ்வளவுதான். பாலை ஒண்ணும் செய்யாது. நானும் இந்த மெஷின்ல படம் எடுத்துக்கிட்டு, போய் என் புள்ளைக்குக் குடுத்தவதான். வெளிய போனதும் குடு."

வெளியே மகன் புட்டியைத் தட்டிவிட்டு, கட்டடமே அதிரக் கத்திக்கொண்டிருந்தான். பெஞ்சில் உட்கார்ந்து ஷாலால் மூடிக் கொடுத்தேன். கத்தல் நின்றது.

ட்ராசா ஊரிலிருந்து கைக்குழந்தையோடும் புதுப் புட்டியோடும் வந்திருந்த ஒரு பெண் வாயைப் பிளந்தாள்.

"ஐயோ அக்கா! எக்ஸ்ரே எடுத்துட்டா குடுக்குறீங்க?"

"எடுத்துட்டுத்தான். சந்தேகமா இருந்தா உள்ள இருக்கிற அம்மாவையே கேளு."

போய்க் கேட்டுவிட்டு வந்தாள். புட்டியைப் பைக்குள் திணித்தாள். அடுத்த பெஞ்சுக்காரி அவளிடம் என்னவென்று விசாரித்தாள்.

அதற்குள் எடை பார்க்க என்னைக் கூப்பிட்டார்கள். மகன் விடுவதாக இல்லை. நர்ஸ் அவனை வாங்கக் கை நீட்டினார்.

"வேணாம் சிஸ்டர்," என்று இவர் குறுக்கே வந்தார். "ரெண்டு பேரையும் சேத்தே எடை போட்டுடுங்க. குடிச்சு முடிச்சதும் இவனைத் தனியா எடை போட்டுக் கழிச்சிக்கலாம்."