பாலை விதை கழுவிய வடிகட்டி

என் ஆட்டோவில் ஓட்டுகிற சீட்டுக்கு அடியில், ஸ்பேனர் பையோடு ஒரு டீ வடிகட்டியும் கிடக்கிறது. நீலநிறப் பிளாஸ்டிக் பிடி. வலை ஓரத்தில் கொஞ்சம் பிய்ந்திருக்கும். சவாரிக்கு வருகிறவர்கள் யாராவது பார்த்துவிட்டு, "என்னண்ணே, வண்டியிலேயே டீக்கடையா?" என்று கேட்பார்கள். சிரித்து வைப்பேன். அதற்கு மேல் பேச எனக்கு வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவன் என்பதால் வந்த கூச்சம் இல்லை; பிறவியிலேயே அப்படித்தான். வாயால் சொல்ல வராததை எழுதியாவது வைக்கலாம் என்று தோன்றியது.

வல்லத்திராக்கோட்டைப் பக்கம், எங்கள் ஊரை ஒட்டி, நாட்டுமரக் கன்றுகள் வளர்க்கிற ஒரு நாற்றங்கால் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் ஒரு கோடையில் வெளியூரிலிருந்து ஒரு கல்லூரிப் பிள்ளை அங்கே வந்து தங்கியது. செடிகொடிகளையும் காட்டு உயிர்களையும் பாதுகாப்பது பற்றிய படிப்பாம். படிப்புக்கு நடுவே விடுமுறையில் இப்படி வந்து வேலை பழக வேண்டுமாம்; இன்டர்ன்ஷிப் என்றார்கள். அந்தப் பிள்ளையை அழைத்துக்கொண்டு சுற்ற என் ஆட்டோவைப் பேசியிருந்தார்கள். வந்த புதிதில் இருவரும் அதிகம் பேசவில்லை. வழியில் ஏதாவது கண்ணில் பட்டால் "அண்ணா, நிறுத்துங்க" என்று இறங்கிவிடும். ஒரு புழுக்கைக்காகக்கூட இறங்கும். நடுரோட்டில் ஒரு பெண்பிள்ளை குனிந்து புழுக்கையைப் பார்த்துக்கொண்டிருக்க, போகிறவர்கள் எல்லாம் என்னைப் பார்ப்பார்கள். நான் டயரில் காற்று இருக்கிறதா என்று பார்ப்பதுபோல மறுபக்கம் போய் உட்கார்ந்துகொள்வேன்.

அந்தப் பிள்ளைக்கு ஒப்படைத்திருந்த வேலை ஒன்றுதான். எங்கள் ஐயனார் கோயில்காட்டில் ஒற்றைப் பாலை மரம் இருந்தது. சுற்றிலும் தைலமரங்களை நட்டுவிட்ட பிறகு அக்கம்பக்கத்தில் வேறு பாலை கிடையாது. கஜா புயலில் அதன் பாதி முறிந்து, மீதிப் பாதி சாய்ந்து நின்றது. அடுத்த மழைக்குத் தாங்காது என்று நாற்றங்கால் மேலாளர் சொன்னார். அந்த வருடம் காய்த்ததிலிருந்து விதை எடுத்து முளைக்க வைக்காவிட்டால் இந்தப் பக்கத்துப் பாலை அதோடு முடிந்தது.

ஆனால் கோயில்காட்டிலிருந்து எதையும் வெளியே கொண்டுவரக் கூடாது. சுள்ளி, சருகு, தேன், காய், எதுவும் கூடாது. பழத்தை உள்ளேயே பறித்துத் தின்னலாம்; கொட்டையை உள்ளேயே துப்பிவிட வேண்டும். வெளியே வரும்போது மடியை உதறிவிட்டு வருவது எங்களுக்குப் பழக்கம். துணியில் ஒட்டிய ஒட்டுப்புல்லைக்கூட எல்லையில் நின்று பிடுங்கிப் போட்டுவிட்டுத்தான் வருவோம். மேலாளர் முன்பே கேட்டுப் பார்த்து ஊர் மறுத்திருந்தது. அந்தப் பிள்ளையும் கேட்டது. பூசை செய்கிற வேளார் கோபப்படவில்லை. "கேக்குறது ஒங்க வேலை, முடியாதுங்குறது எங்க வேலை" என்று முடித்துவிட்டார்.

அதன் பிறகும் அந்தப் பிள்ளை தினமும் காட்டுக்குப் போகும். மரத்தடியிலேயே உட்கார்ந்திருக்கும். விழுந்த விதைகளில் பெரும்பாலானவற்றை வண்டு துளைத்திருக்கும் என்று வருத்தப்பட்டுச் சொன்னது. ஒருநாள் பழம் தின்றுகொண்டே எல்லைக்கு வந்துவிட்டது. அங்கே மண்குதிரைகளுக்குப் பக்கத்தில் வேளாரும் நாலைந்து பேரும் நின்றிருந்தார்கள்.

"பழம் எப்புடி இருக்குத்தா?" என்றார் வேளார்.

"ம்" என்றது. கன்னம் புடைத்திருந்தது.

"வாயில என்னத்தா?"

பிள்ளைக்கு அப்போதுதான் நினைவு வந்தது. முகம் சிவந்துபோய் உள்ளே ஓடி, கொட்டையைத் துப்பிவிட்டு வந்தது.

"மறந்துட்டேங்க, சத்தியமா" என்றது.

வேளாருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அட கோட்டிப்புள்ள! முழுங்கிட்டு வந்திருந்தா நாங்க என்ன செய்ய முடியும்? வயித்துக்குள்ள போறதுக்கெல்லாம் இங்க தடை கிடையாது."

"ஏன் வேளாரே, இன்டர்ன்சிப்புல அதையும் சொல்லிக்குடுப்பாய்ங்களோ?" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தேன். அந்தப் பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை. ஆட்டோவில் ஏறியதும் முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டது. அழுகிறதோ என்று நினைத்தேன். கண்மாய் தாண்டும்போது, "அண்ணா, இந்தக் காட்டுல பழம் தின்னுட்டு வெளிய வர்றது வேற யாரு?" என்று கேட்டது. எனக்கு விளங்கவில்லை. "மரநாய்ணா!" என்று தானே பதிலும் சொன்னது.

மறுநாளிலிருந்து மரநாய்க் கழிவைத் தேடித் திரிந்தோம். மரநாய் மேடான, வெட்டவெளியான இடத்தில்தான் வெளிக்குப் போகும் என்று சொல்லி அந்தப் பிள்ளை கண்மாய்க்கரை முழுக்க நடந்தது. பல நாள் வெறும் ஈச்சங்கொட்டைதான். அந்தப் பிள்ளை ஊருக்குத் திரும்புகிற நாளும் நெருங்கிவிட்டது. கடைசியில் மதகின் மேல் கிடைத்தது: காய்ந்து கறுத்த குவியல், நடுவே பளபளவென்று பாலை விதைகள். கழுவுவதற்கு ஒரு வடிகட்டி வேண்டும் என்றது. வீட்டுக்குப் போய் எடுத்துவந்தேன். எதற்கென்று கேட்ட என் மனைவியிடம் உண்மையைச் சொன்னேன். "கொண்டு போங்க. திரும்ப இந்த வாசப்படி ஏறக்கூடாது" என்றாள். வடிகட்டியைத்தான் சொன்னாள் என்று நினைக்கிறேன்.

கழுவிய விதைகளைக் கையில் ஏந்திக்கொண்டு அந்தப் பிள்ளை நேராக வேளாரிடம் போனது. அப்படியே நாற்றங்காலுக்குப் போயிருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. "கூடாதுன்னா மறுபடி உள்ள போட்டுடுறேங்க" என்றது. வேளார் ஒரு விதையை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எங்க கெடந்துச்சு?"

"மதகு மேலங்க."

"உள்ள தின்னுருக்கு, வெளிய போட்டுருக்கு. கட்டுப்பாடு மனுசனுக்குத்தான். மரநாய்கிட்ட யாரு போயி மடிய ஒதறச் சொல்றது? கொண்டு போத்தா."

விதை முளைப்பதற்கு முன்பே அந்தப் பிள்ளை ஊருக்குப் போய்விட்டது. முளைத்தபோது நான் போட்டோ எடுத்து அனுப்பினேன், ஒன்றும் எழுதாமல். "மரநாய்க்கு நன்றி சொல்லிடுங்கண்ணா" என்று குரல்பதிவில் பதில் வந்தது. அதன்பின் பொங்கலுக்கு வாழ்த்து அனுப்பும். இப்போது எங்கேயோ வேலையில் இருக்கிறது.

அந்த ஐப்பசி மழையில் பாலை மரம் விழுந்துவிட்டது. விழுந்த மரமும் வெளியே வரக்கூடாது என்பதால் அங்கேயே கிடந்து கறையான் ஏறிவிட்டது. ஒரு கன்றை என் ஆட்டோவில்தான் கொண்டுபோனோம். உள்ளே வருவதற்குத் தடை ஒன்றும் இல்லை என்று வேளார் தன் கையாலேயே குழி தோண்டி, விழுந்த மரத்தின் பக்கத்தில் நட்டார். பாலை மெதுவாகத்தான் வளரும். இன்னும் என் இடுப்புக்குக்கூட வரவில்லை.

இந்தக் கோடையிலும் கண்மாய் வழியாகச் சவாரி போய்த் திரும்பும்போது, மதகின் மேல் ஏதாவது கிடந்தால் ஆட்டோவை நிறுத்துகிறேன். வடிகட்டியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்க் கழுவிப் பார்க்கிறேன். ஈச்சங்கொட்டை இருக்கிறது, வேப்பங்கொட்டை இருக்கிறது. பாலை விதை இருக்காது. அந்தக் கன்று காய்க்கப் பல வருடம் ஆகும் என்று எனக்குத் தெரியும். போகிறவர்கள் பார்க்கிறார்கள். இப்போதெல்லாம் நான் டயர் பக்கம் போய் உட்காருவதில்லை.