பூமாரி வீட்டுக்கு வந்த சுப்புராயன்

காலடிப்பேட்டை வீடு பூமாரிக்கு அவள் அம்மா எழுதிவைத்தது. கல்யாணமே வேண்டாமென்று மார்க்கெட்டில் மீன் விற்றுக்கொண்டிருந்தவளுக்கு நாற்பத்தெட்டு வயதில்தான் சுப்புராயன் பழக்கம். மனைவியை இழந்தவர், துறைமுகத்துக்கு டிரெய்லர் ஓட்டுகிறவர். தினமும் காரப்பொடி மீன் வாங்க வந்தவர் ஒருநாள் பெட்டியோடு வீட்டுக்கு வந்துவிட்டார். தாலி கட்டவில்லை. "இந்த வயசுல இன்னாத்துக்கு அதெல்லாம்?" என்றாள் பூமாரி.

அவரோடு வாழ்ந்த பதினாலு வருஷத்தைப் பற்றிக் கேட்டால் இன்றைக்கும் அவள் முகம் மலரும். லீவு நாளில் அவர்தான் குழம்பு வைப்பார். புளி எப்போதும் தூக்கலாக இருக்கும். சாயங்காலம் கடலோரப் பாறையில் உட்கார்ந்து, தூரத்தில் நிற்கும் கப்பல்களை எண்ணுவார்கள். எண்ணிக்கையில் சண்டை வரும். புயலில் கூரை ஷீட் பறந்த வருஷம், ரிட்டயர் ஆன பணத்தில் அவர்தான் தளம் போட்டார்.

பூமாரிக்கு இருதய ஆபரேஷன் நடந்த வாரம், செத்துப்போன அண்ணனின் மகன் வெற்றி வீட்டுக்கு வந்தான். "அத்தைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா வூடு எனக்குத்தான். நீ யாரு இங்க? சாவியக் குடுத்துட்டுக் கெளம்பு."

சுப்புராயன் சாவியைக் கொடுத்துவிட்டார். துணிமணியைக் கட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரி வராந்தாவுக்குப் போய்விட்டார். மூன்றாம் நாள் பையைப் பார்த்த பூமாரி, "இன்னாயா, ஊருக்குப் போறியா?" என்று கேட்டதும் அழுதுவிட்டார்.

உடம்பு தேறியதும் அவள் வக்கீல் பெர்சிஸைப் பார்த்தாள்.

"கல்யாணம் ஆகலை, பத்திரம் உங்க பேர்ல இருக்கு. தளம் போட்டதால மட்டும் அவருக்குப் பங்கு வந்துடாதும்மா. உங்களுக்கு அப்புறமும் அவர் அங்க இருக்கணும்னா உயில் எழுதுங்க."

"அவரு உசுரோட கீற வரைக்கும் யாரும் வூட்ட வுட்டு எழுப்பக் கூடாது. அப்பால வெற்றி எடுத்துக்கட்டும். அவனும் நான் தூக்கி வளத்த புள்ளதான். அப்டி எழுது கண்ணு."

உயிலை வெற்றியைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் படிக்கச் சொன்னாள். பாதியிலேயே காகிதத்தைக் கீழே வைத்தான். எழுந்துபோய் சுப்புராயன் கையில் சாவியைக் கொடுத்தான்.

போன தை மாசம் சுப்புராயன் முந்திக்கொண்டார். கொள்ளி வைத்தது வெற்றிதான். உயிலை மாற்றி எழுதலாமா என்று பெர்சிஸ் கேட்டாள்.

"இருக்கட்டும் கண்ணு. எங்க ரெண்டு பேர் பேரும் சேந்து கீற காயிதம் அது ஒண்ணுதான்."

வெற்றி இப்போது அடிக்கடி வருகிறான். சோறு போட்டுவிட்டு அவள் சுப்புராயன் கதையை ஆரம்பிப்பாள். அவனும் கை காயக் காயக் கேட்டுக்கொண்டிருப்பான்.