இடுகாட்டுக்கு வடக்கு

எங்கள் கோயில் கமிட்டியில் ஒன்பது பேர். எட்டுப் பேருக்கு நன்றாகப் பேச வரும். ஒன்பதாவது ஆள் நஞ்சுண்டன். கூட்டத்துக்குச் சரியான நேரத்தில் வருவார், கடைசி நாற்காலியில் உட்காருவார், தலையாட்டுவார், முடிந்ததும் நாற்காலிகளை மடக்கி அடுக்கிவிட்டுப் போவார். செயலாளர் என்ற முறையில் நான்தான் அவர் பெயரைக் குறிப்பேட்டில் எழுதுவேன். மூன்று வருஷம் எழுதியும் அவர் சொன்னதாக ஒரு வரி இல்லை.

ஆளைப் பார்த்தால் ஏதோ கிடங்கில் வேலை என்று தோன்றும். இங்கே பிஸ்கட்டவே என்ற ஊரில் ஒரு சர்வே ஆபீஸில் இருபத்திரண்டு வருஷமாக இருக்கிறார். இங்கிலாந்து ராஜா காலத்தில் இந்தப் பக்கத்து நிலங்களைக் கையில் வைத்திருந்த பிரபுக்கள், கடல் கடந்து வந்து குடியேறியவர்களுக்குப் பேட்டன்ட் எழுதிக் கொடுத்தார்கள். நம் கணக்கில் பட்டா. நாலு பக்கமும் வெட்டுக்குறி போட்ட ஓக் மரத்தில் தொடங்கி, ஊசி காட்டும் திசையில் அளவுச் சங்கிலியில் முப்பது செயின் போய், ஓடையில் இறங்கி, அங்கிருந்து ஒரு கல் குவியல்வரை என்று எழுதியிருக்கும். மரம் விழுந்து இருநூறு வருஷம் இருக்கும். ஓடை ஒரு பார்க்கிங் லாட்டுக்கு அடியில் குழாய்க்குள் போகிறது. கல் குவியலை எவனோ வீடு கட்ட எடுத்துப் போயிருப்பான். இவற்றையெல்லாம் திரும்ப நிற்க வைத்து, இன்றைய வரைபடத்தின் மேல் கோடு போடுவதுதான் நஞ்சுண்டன் வேலை.

காந்த ஊசி அன்று காட்டிய வடக்கு வேறு, இன்று காட்டும் வடக்கு வேறு. எந்த வருஷத்தில் எவ்வளவு விலகல் என்று கணக்குப் போட்டுத்தான் கோட்டைத் திருப்ப வேண்டும். ஒரு டிகிரி பிசகினால் எல்லை அடுத்தவன் சமையலறைக்குள் போய்விடும். அதில் அவர் பிசகியதே இல்லை.

மண்டபம் கட்ட நாங்கள் ஒன்பது ஏக்கர் வாங்கினோம். அனுமதிக்காக ஊர் நிர்வாகமான டவுன்ஷிப்பின் கூட்டத்துக்குப் போனபோது, கடைசி வரிசையில் இருந்து ஒரு கறுப்பின மூதாட்டி எழுந்தார். மிஸஸ் டென்பி. எண்பத்து மூன்று வயது, முப்பது வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். அந்த நிலம் ஒரு காலத்தில் பண்ணையாக இருந்தது என்றும், தன் முன்னோர்கள் அதில் அடிமைகளாக இருந்தவர்கள் என்றும், அங்கேயேதான் எங்கோ புதைக்கப்பட்டார்கள் என்றும், இடம் எதுவென்று யாருமே தனக்குச் சொன்னதில்லை என்றும் சொன்னார். கட்டுவதைத் தடுக்க வரவில்லையாம். "எங்கே நின்று அவர்களோடு பேசுவது என்று தெரிந்தால் போதும்," என்றார். டவுன்ஷிப்காரர்கள் எங்களைப் பார்த்தார்கள். நாங்கள் எல்லோரும் திரும்பிக் கடைசி நாற்காலியைப் பார்த்தோம்.

நஞ்சுண்டன் நாலு மாதம் வார இறுதிகளை அதற்கே கொடுத்தார். பழைய பேட்டன்டைத் தேடி எடுத்து, ஓக் மரம் நின்ற இடத்தைக் கண்டுபிடித்து, ஓடையின் பழைய வளைவைப் பிடித்துக் கோடு போட்டார். ராஜா காலத்திலேயே அந்தப் பட்டா ஒரு அண்ணன் தம்பிக்குள் இரண்டாக உடைந்து, தம்பிக்கு ஆறு ஏக்கர் போயிருந்தது. எங்கள் ஒன்பதில் அந்த ஆறும் அடக்கம். மிச்ச மூன்று ஏக்கர் அதற்கு வடக்கே, மண்டபத்துக்கு என்று வைத்திருந்த மேடு. தம்பியின் பத்திரத்தில் செயின் கணக்கு கிடையாது, அக்கம்பக்கம் மட்டும்தான். கிழக்கிலும் மேற்கிலும் அண்ணன் நிலம், ஒரு பக்கம் யாருக்கும் எழுதாத நிலம், ஒரு பக்கம் இடுகாடு.

அந்த இடுகாடு ஆறு ஏக்கருக்குத் தெற்கே, எங்கள் எல்லைக்கு வெளியே வருகிறது என்று படம் போட்டுக் கொடுத்தார். இன்றைக்கு அங்கே ஒரு டயர் கடை. அதன் பின்னால் ரோடுவரை ஒரு புல்துண்டு. எங்களுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. தலைவர் சுந்தரராமன் மாமா அவருக்குச் சால்வை போட்டார். வடக்கு மேட்டில் பூமி பூஜை நடந்தது.

மிஸஸ் டென்பியை அந்தப் புல்துண்டுக்கு அழைத்துப் போனதும் நஞ்சுண்டன்தான். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அந்தம்மா மடக்கு நாற்காலியோடு அங்கே வந்து உட்காருவார். கோயிலுக்குப் போகும்போது காரிலிருந்து பார்ப்பேன். உதடு அசையும். பனிக்காலத்தில் ஒருமுறை கோட்டுக்கு மேல் கோட்டுப் போட்டுக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அந்த வாரம்தான் அவருடைய ஒரே மகன் இறந்துபோனான் என்று பிறகு கேள்விப்பட்டேன். நான் கார் கண்ணாடியை இறக்கக்கூட இல்லை. அவசரம், பிரசாதம் ஆறிவிடும்.

இப்படியே பதினாலு மாதம் போயிற்று.

திங்கட்கிழமை அஸ்திவாரத்துக்குக் காங்கிரீட் ஊற்றுவதாக இருந்தது. அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை சாயங்காலம் நஞ்சுண்டன் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் இரண்டு தாள். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"வான்மதி, நான் தலைகீழா எழுதிப் போட்டனுங்க," என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. கார் கராஜ் விளக்கைப் போட்டு, வாஷிங் மெஷின் மேல் தாள்களை விரித்து எனக்குச் சொன்னார்.

அவருடைய அப்பா கோபிச்செட்டிபாளையத்தில் பத்திரம் எழுதுகிறவர். பத்து வயதிலிருந்தே நஞ்சுண்டனுக்குச் செக்குபந்தி, அதாவது நாலு எல்லை எழுதும் பாஷை, கையில் ஏறிப்போனது. நம் பத்திரத்தில் "மாரப்பன் காட்டுக்கு வடக்கு" என்று எழுதினால், நம் நிலம் வடக்கே, மாரப்பன் நமக்குத் தெற்கே. மாரப்பனுடைய காட்டில், அதாவது அவன் விளைநிலத்தில், நின்று நம் நிலத்தைப் பார்க்கும் பாஷை அது. இங்கிலீஷ் பத்திரம் நம் நிலத்தில் நின்றுகொண்டு வெளியே பார்க்கும். "வடக்கு, மாரப்பன்" என்றால் மாரப்பனேதான் வடக்கே.

தம்பியின் பத்திரத்தில் இருந்தது "வடக்கு, இடுகாடு." நஞ்சுண்டன் எழுதியது "இடுகாட்டுக்கு வடக்கு."

கிழக்கும் மேற்கும் அண்ணன் நிலமே என்பதால் அந்தப் பக்கம் புரண்டது கண்ணில் படவில்லை. வடக்கும் தெற்கும் மட்டும் இடம் மாறிக்கொண்டன. அன்று காலையில் அவர் மச்சினர் சபரி ஊரிலிருந்து போன் செய்து, காட்டுப் பத்திரத்தை நகல் எடுத்த பையன் செக்குபந்தியைப் புரட்டி எழுதிவிட்டான் என்று கத்தியிருக்கிறார். நஞ்சுண்டன் சிரித்திருக்கிறார். சிரிப்பு பாதியில் நின்றிருக்கிறது. எழுந்துபோய் இந்த நிலத்தின் தாள்கள் இருந்த பெட்டியைத் திறந்திருக்கிறார்.

ஆபீஸில் ஆயிரம் பத்திரம் பார்த்தவர் இதில் எப்படி இடறினார் என்று கேட்டேன். யானைக்கும் அடி சறுக்கும் என்று ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன். அவர் தயங்கித் தயங்கி, ஆபீஸில் இங்கிலீஷைப் பார்த்து இங்கிலீஷிலேயே கோடு போடுவதாகவும், இதை மட்டும் தமிழில் எழுதி, அந்தத் தமிழைப் பார்த்துக் கோடு போட்டதாகவும் சொன்னார். தமிழில் எழுதித் தரச் சொன்னது யார்? நான்தான். ஆண்டு மலரில் போட அழகாக இருக்கும் என்று நச்சரித்தேன். அதை அவர் வாயால் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஒருவேளை நான் சண்டை போட்டுத் தப்பித்திருப்பேன்.

அப்போது நான் சொன்னதை இங்கே அப்படியே எழுதுகிறேன். எழுதத்தான் வேண்டும்.

"அண்ணா, மண்டே காங்கிரீட் டிரக் வருது. இது உங்களுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். அந்த ஆன்ட்டி ஒரு எடத்துல நிம்மதியா உக்காந்து பேசறாங்க. அவங்களையும் ஏன் டிஸ்டர்ப் பண்ணணும்?"

அவர் தாள்களை மடித்தார்.

"டயர் கடைக்குப் பின்னால அந்தம்மாளை உக்கார வெச்சது நானுங்க," என்றார். "காலியிடத்துக்கிட்டப் பேசிக்கிட்டிருக்குதுங்க. நாம பாட்டுக்கு இந்தப் பக்கம் அவங்க சனத்து மேல மண்டபம் கட்டிச் சாமி கும்பிட்டா, அது சாமியுங்களா?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தவள் நான். எனக்குக் கோபம்தான் வந்தது. வெட்கம் வர ஒரு ராத்திரி ஆயிற்று.

சனிக்கிழமை கமிட்டி கூடியது. பதினாலு மாதம் முன்பு சால்வை போட்ட அதே சுந்தரராமன் மாமா, பூஜை போட்ட இடத்தை மாற்றுவதா என்று மேஜையைத் தட்டினார். ஒருவர் நஞ்சுண்டனுக்கு மூளை குழம்பிவிட்டது என்றார். இன்னொருவர், அவர் கமிட்டியை விட்டுப் போனால் அவருடைய புதுப் படமும் செல்லாததாகிவிடுமே என்று யோசனை சொன்னார். இதையெல்லாம் நஞ்சுண்டன் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், காங்கிரீட்டை நிறுத்தாவிட்டால் திங்கட்கிழமை காலை டவுன்ஷிப் ஆபீஸ் வாசலில் தான் நிற்பேன் என்று மட்டும் சொன்னார். குறிப்பேட்டில் அவர் சொன்னதாக நான் எழுதிய முதல் வரி அது. நிறுத்துவதென்று ஐந்துக்கு நாலு என்ற கணக்கில் முடிவானது. அந்த ஐந்தில் என் கையும் இருந்தது. அதற்காக யாரும் என்னைப் புகழ வேண்டாம். எல்லோருக்கும் கடைசியில் தூக்கிய கை அது.

மறுநாள் ஞாயிறு. அவரைத் தனியாக அனுப்ப மனம் வராமல் நானும் போனேன். மிஸஸ் டென்பி நாற்காலியில் இருந்தார். பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் குவளையில் பூ. நஞ்சுண்டன் அவர் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்து, தனக்குத் தெரிந்த இங்கிலீஷில், எதையும் பூசி மெழுகாமல் சொன்னார். வடக்கைத் தெற்கு என்று எழுதிவிட்டேன், தப்பு என்னுடையது, உங்கள் ஆட்கள் இங்கே இல்லை.

அந்தம்மா புல்லைப் பார்த்தார். பிறகு டயர் கடைச் சுவரைப் பார்த்தார்.

"அப்படியானால் என் மகன் இறந்துபோனதை நான் யாரிடம் சொன்னேன்?" என்று கேட்டார்.

அந்தம்மா நாற்காலியைத் தானே மடக்கி, நஞ்சுண்டன் நீட்டிய கையைப் பிடிக்காமல் தன் காருக்கு நடந்து போனார். பூக்குவளை அங்கேயே இருந்தது.

அதற்குப் பிறகு நாலு ஞாயிறு அவர் வரவில்லை. எங்கள் கூட்டத்திலும் நஞ்சுண்டனோடு யாரும் பேசவில்லை. இரண்டு குடும்பங்கள் கோயிலை விட்டே போய்விட்டன. அவர் மனைவி சாந்தாமணி அக்கா கடையில் என்னைப் பார்த்து, மனுசன் சோறு பிசைந்து வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருக்கிறார் என்று அழுதார்.

அக்டோபரில் பல்கலைக்கழகத்திலிருந்து தொல்லியல் ஆட்கள் வந்து, வடக்கு மேட்டில் மேல்மண்ணை மட்டும் பட்டை பட்டையாகச் சீவினார்கள். கிணறு வெட்டப் பூதம் புறப்படும் என்று மாமா முணுமுணுத்தார். புறப்பட்டது பூதம் இல்லை. வெளிறிய மண்ணில் கருத்த நீள்சதுரங்கள், புதைகுழிகளின் தடங்கள், வரிசையாக, எல்லாம் ஒரே திசையில். பதினொன்று எண்ணினார்கள். அதில் நாலு என் கை நீளத்துக்கு மேல் இல்லை. எலும்பைத் தொடவில்லை, தொடவும் கூடாது என்று சொல்லி மண்ணை மூடிவிட்டார்கள். எங்கள் அஸ்திவாரக் கயிறு அந்தச் சின்ன நாலின் மேலேதான் போயிருந்தது. மாமா செருப்பைக் கழற்றிவிட்டு வெகுநேரம் அங்கேயே நின்றார். மண்டபத்தைத் தெற்கே தள்ளுவது என்று அவரே முதலில் சொன்னார்.

மிஸஸ் டென்பிக்கு நஞ்சுண்டன் கடிதம் எழுதினார். படம் வைத்து, இந்தத் தடவை இங்கிலீஷைப் பார்த்து இங்கிலீஷிலேயே கோடு போட்டு. அடுத்த ஞாயிறு அந்தம்மா வந்தார். மேட்டில் ஏறச் சிரமப்பட்டார். நஞ்சுண்டன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓரடி பின்னால் நடந்தார். எங்கே போடுவது என்று கேட்டதற்கு, அந்தம்மா சின்ன நாலும் இருந்த ஓரத்தைக் காட்டினார்.

நாற்காலியைப் போட்டுவிட்டு அவர் விலகப் போனார். மிஸஸ் டென்பி அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ நில்," என்றார். "பதினாலு மாதம் சொன்னதையெல்லாம் நான் முதலிலிருந்து சொல்ல வேண்டும். நீயும் கேள்."

முதலில் தன் பெயரைச் சொன்னார். தன் அம்மா பெயர், அவளுடைய அம்மா பெயர். பேருந்து ஓட்டிய கதை, புருஷன் கதை, பேரப்பிள்ளைகள் படிப்பு என்று ஒன்றுவிடாமல் சொன்னார். வீட்டுக்கு வந்த புது உறவுக்காரர்களிடம் பேசுவது போலவே பேசினார். கடைசியில் மகனுக்கு வந்தார். எந்த ஆஸ்பத்திரி, எந்த நாள், கடைசியாக அவன் என்ன கேட்டான் என்று. ஒரு தாய் அதை வாழ்க்கையில் ஒருமுறை சொல்வதே அதிகம். எங்களால் அவர் அதை இரண்டாம் முறை சொல்ல வேண்டியிருந்தது. திங்கட்கிழமை டிரக் வந்திருந்தால், அவர் ஆயுசு முழுக்கச் சொல்லியும் அது போய்ச் சேர்ந்திருக்காது.

நஞ்சுண்டன் சட்டைக் கையை விடுவித்துக்கொள்ளாமல் அவர் சொல்லி முடிக்கும்வரை நின்று கேட்டார்.