பத்தரைக்கு ராகு காலம்

போன வாரம் கண்டரமாணிக்கத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் உட்கார்ந்ததும் யாரோ என் டம்ளரில் தண்ணீர் ஊற்றினார்கள். நிமிர்ந்து பார்த்தேன் — கருப்பையா. இடது புருவத்தில் அதே தழும்பு.

அந்தத் தழும்பு என்னால் வந்தது. பத்திரிகையின் இந்தப் பக்கத்தில் வாராவாரம் ஊரையெல்லாம் கிண்டல் செய்திருக்கிறேன். இந்த வாரம் என் முறை.

பத்து வருஷத்துக்கு முன் நான் காரைக்குடிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி வாத்தியார். கருப்பையா லேப் அட்டெண்டர். தற்காலிகம்தான், அடுத்த மாதம் நிரந்தரமாகும் என்று காத்திருந்தார்.

புது லேப் திறப்பு விழா, வெள்ளிக்கிழமை. தண்ணீரை உண்டாக்கிக் காட்டுவதாக ஏற்பாடு. குடுவையில் துத்தநாகம், ஆசிட். அதிலிருந்து வரும் ஹைட்ரஜனைக் குழாய் முனையில் கொளுத்தினால், காற்றில் உள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து எரியும். மேலே குளிர்ந்த தட்டைப் பிடித்தால் நீர்த்துளி நிற்கும். ஆனால் குடுவைக்குள் இருக்கும் காற்று முதலில் முழுசாக வெளியேற வேண்டும். இல்லாவிட்டால் இரண்டும் உள்ளேயே கலந்து வெடிக்கும்.

மணி பத்து இருபத்தைந்து. பத்தரைக்கு ராகு காலம்.

"நல்ல நேரத்துலயே பத்த வச்சிருங்க" என்றார் தலைமை ஆசிரியர்.

"சார், இன்னும் காத்து முழுசாப் போகலை. ஒரு டெஸ்ட் டியூப்ல கொஞ்சம் புடிச்சுச் சோதிச்சுப் பாத்துருவம்" என்றார் கருப்பையா.

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். தீக்குச்சியைக் கிழித்தேன். எம்.எஸ்ஸி. படித்தவன், ராகு காலத்துக்குப் பயந்து...

குடுவை சிதறியது. கருப்பையாவுக்குப் புருவம் கிழிந்தது. கண் தப்பியது சாமி புண்ணியம்.

"எதனால வெடிச்சது?" என்று தலைமை ஆசிரியர் கேட்டார்.

"எங்கயோ லீக் இருந்திருக்கும். குழாயெல்லாம் கருப்பையாதான் மாட்டினாரு" என்றேன். எவ்வளவு சுலபமாக வந்தது அந்த வார்த்தை! ரத்தம் வழியும் புருவத்தைப் பொத்திக்கொண்டு கருப்பையா என்னைப் பார்த்தார். அடுத்த மாதம் அவருக்கு வேலையே இல்லை.

"சௌக்கியமா இருக்கீகளா சார்?" என்று பந்தியில் கேட்டார். தலையாட்டினேன்.

"லீக் ஒண்ணும் இல்ல சார். ரெண்டு தடவ பாத்துத்தான் மாட்டுனேன்." குரலில் கோபமே இல்லை. "நீங்க சொல்லிருவீகன்னு இருந்தேன்."

டம்ளரை எடுத்துக் குடித்தேன். பக்கத்து இலைக்காரர் தண்ணீர் கேட்டார், கருப்பையா நகர்ந்துவிட்டார்.

மன்னிப்புக் கேட்டிருக்கலாம். சாப்பாடு முடியட்டும், கூட்டம் குறையட்டும் என்று... அப்போதும் நல்ல நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.