மருமகனுக்கு எழுதிய ஆங்கிலக் கடிதம்

எண்பத்தாறில் டுசல்டோர்ஃபில் ஒரு பிட்சாக் கடையில் கோப்பை கழுவினேன். ஊரில் கச்சேரியில், அதாவது அரசாங்க அலுவலகத்தில், கிளாக்கராக இருந்தவன். கை சவர்க்கார நுரைக்குள் கிடந்தாலும் ஆங்கிலம் தெரியும் என்ற மண்டைக்கனம் மட்டும் குறையவில்லை. அதை முதலில் கண்டுபிடித்தவர் கடையின் சமையற்காரர், ஐம்பது தாண்டிய இத்தாலியர். மாவு பிசைந்தபடியே ஆங்கிலத்தைப் பற்றிக் கேள்வி கேட்டுத் துளைத்தெடுப்பார். எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது உடைந்த ஜெர்மன். அதை இங்கே என் தமிழில் எழுதுகிறேன்.

அவருக்கு ஆங்கிலம் தேவைப்பட்டது மகளுக்காக. அவள் ஸ்கொட்லாந்துக்காரன் ஒருவனைக் கட்டினாள். இவர் கோபித்துக்கொண்டு கல்யாணத்துக்குப் போகவில்லை. மூன்று வருடமாகப் பேச்சில்லை. இப்போது பேரப்பிள்ளை பிறந்திருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தார். மகளுக்கு எழுதினால் கிழித்துப் போடுவாள், மருமகனிடம் மன்னிப்புக் கேட்போம் என்று நினைத்தார். அவனுக்கோ இத்தாலிய மொழி தெரியாது.

நான் எழுதிக் கொடுத்தேன். கச்சேரி முறைப்படி, 'ஆங்கிலேய மக்களின் உயர்ந்த பண்பை நான் அறிவேன்' என்று தொடங்கி, 'தங்கள் கீழ்ப்படிவுள்ள ஊழியன்' என்று முடித்தேன். பிறகு வாசித்துப் பொருள் சொன்னேன்.

"மருமகனுக்கு நான் ஏன் ஊழியன்?" என்றார்.

"வெள்ளைக்காரன் எங்களுக்குப் படிப்பிச்ச மரியாதை அதுதான் அண்ணை. மாத்த ஏலாது."

"சரி, கிடக்கட்டும். ஆனா அவன் ஆங்கிலேயன் இல்லையே?"

"அதெல்லாம் ஒண்டுதான். ஒரே ராணி, ஒரே பாஸ்போட்."

பிசைந்த மாவை மேசையில் அடித்துப் போட்டார். "உன்ர கடதாசியில என்ன நாடு எழுதியிருக்கு? அதைப் பாத்து, உன்னைத் துரத்தினவனும் நீயும் ஒண்டுதான் எண்டு நான் சொல்லட்டோ?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அகதி அலுவலகத்தில் என்னை வெறும் 'ஸ்ரீலங்கன்' என்று எழுதியபோது வயிறெரிந்தவன் நான். அதே வேலையைத்தான் முன்பின் தெரியாத ஒருவனுக்கு நானும் செய்திருக்கிறேன். அன்றைக்கே முதல் வரியை வெட்டிவிட்டுப் புதிதாக எழுதினேன். ஊழியனை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

ஐந்து கிழமையாகப் பதில் இல்லை. அவர் கேள்வி கேட்பதையே நிறுத்திவிட்டார். என் மேதாவித்தனம்தான் காரியத்தைக் கெடுத்ததோ என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

பிறகு ஒருநாள் குழந்தையின் படத்தோடு கடிதம் வந்தது. உடனே புறப்பட்டு வரும்படி மருமகன் எழுதியிருந்தான். 'கீழ்ப்படிவுள்ள ஊழியன்' என்பதை வாசித்து மனைவி முதலில் சிரித்தாளாம், பிறகு அழுதாளாம். இவ்வளவு பழைய ஆங்கிலம் எழுதித் தந்தவர் யார், எந்த நாட்டுக்காரர் என்றும் கேட்டிருந்தான். அவன் கடிதமும் 'தங்கள் கீழ்ப்படிவுள்ள ஊழியன்' என்றே முடிந்திருந்தது.

பதிலெழுத அவர் என்னைக் கூப்பிடவில்லை. மா மூட்டையில் உட்கார்ந்து, என்னிடம் கேட்டுக் கேட்டுப் பொறுக்கிய ஆங்கிலத்தில் தானே எழுதினார். ஒட்டுவதற்கு முன்னால் காட்டினார். தான் வருவதாக ஒரு வரி. அதன் கீழே: 'எழுதித் தந்தவன் என் நண்பன். அவன் தமிழன்.'

என் பையில் இருந்த எந்தக் கடதாசியிலும் அந்தச் சொல் இல்லை. அந்த மனிதருக்கு என் நன்றியைச் சொல்ல என் ஜெர்மன் போதவில்லை, ஆங்கிலமும் போதவில்லை.

"பிழை ஏதும் இருக்கோ?" என்று கேட்டார்.

"இல்லை அண்ணை," என்றேன். "ஒட்டுங்கோ."