பாட்டில் வாங்காத டாக்டர்

ரூசே நகரத்து டிராலி பஸ்ஸில் ருமியானா கண்டக்டர். பையைத் துழாவும் விதத்தை வைத்தே, பயணியிடம் டிக்கெட் இருக்கிறதா, நடிக்கிறானா என்று சொல்லிவிடுவாள். லேசில் யாரையும் நம்பமாட்டாள். இடது மார்பில் வந்த கட்டி புற்றுநோய்தான் என்று தெரிந்தபோது மட்டும், அறுவை டாக்டர் வெல்கோவை எப்படியோ நம்பினாள். "அடுத்த வாரமே எடுத்துடலாம்மா" என்று அவர் பளிச்சென்று சொன்னதுதான் காரணம்.

வியாழக்கிழமை டாக்டர்கள் கூடிப் பேசினார்கள். அறுவை, மருந்து, கதிர்வீச்சு, ஸ்கேன், திசுப் பரிசோதனை என்று ஆளுக்கொரு துறை. ருமியானா வெளியே பெஞ்சில் இருந்தாள். உள்ளே குரல்கள் உயர்ந்தன. பிறகு யாரோ சிரித்தார்கள். கதவைத் திறந்துகொண்டு வெல்கோவ் வந்தார்.

"இப்போ ஆபரேஷன் வேண்டாம்மா. முதல்ல மருந்து ஏத்துவோம். சில மாசம் போகட்டும்."

ருமியானா வீட்டுக்கு வந்ததும் தங்கை பென்காவுக்குப் போன் போட்டாள்.

"என் ஆபரேஷன் தேதியை வேற எவளுக்கோ கொடுத்துட்டாங்கடி."

"நீ வெறுங்கையோட போனா கொடுக்காம என்ன செய்வாங்க? அத்தான் காய்ச்சின பிளம் சாராயம் ஒரு பாட்டில் எடுத்துட்டுப் போக்கா."

மறுநாள் துணிப்பையில் மறைத்துக் கொண்டுபோனாள். வெல்கோவ் அதைத் தொடவில்லை. அதுதான் அவளை உலுக்கியது. சாகப்போகிறவளிடம் எதற்கு வாங்குவது என்று நினைக்கிறாரோ?

"மறைக்காம சொல்லுங்க டாக்டர். என்னைக் கைகழுவிட்டீங்க, அதானே?"

வெல்கோவ் திகைத்துப்போய் நாற்காலியைக் காட்டினார். "வெட்டணும்னு கத்தினதே நான்தாம்மா. அக்குள்லயும் பரவியிருக்குன்னு ஸ்கேன் டாக்டர் காட்டினார். உங்களோடது மருந்துக்குச் சுருங்கற ரகம்னு அசேனோவா சொன்னாங்க. சுருங்கினதும் வெட்டினா மார்பைக் காப்பாத்தலாம். நான் தோத்துட்டேன்."

"யாரு அந்த அசேனோவா? என்னைப் பார்த்ததே இல்லையே!"

"திசுப் பரிசோதனை டாக்டர். கீழ்த்தளத்துல இருப்பாங்க. நீங்களே போய்க் கேளுங்க."

போனாள். அசேனோவா கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"சந்தேகமா? எனக்கும் இருந்துச்சு. அதான் உங்ககிட்ட ஏற்கெனவே எடுத்த சதைத் துண்டுல இன்னொரு சீவல் எடுத்து மறுபடி சோதிச்சேன். அதே பதில்தான். பாக்கறீங்களா?"

ருமியானா மைக்ரோஸ்கோப்பில் குனிந்து பார்த்தாள். ஊதாப் புள்ளிகள். ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை.

மருந்து ஏறியது, முடி கொட்டியது. ஒவ்வொரு முறையும் மருந்துப் பையில் தன் பெயர்தானா என்று படித்துவிட்டே கையை நீட்டினாள். கட்டி பட்டாணி அளவுக்குச் சுருங்கியது. வசந்தத்தில் வெல்கோவ் அதை எடுத்தார். மார்பு தப்பித்தது.

அடுத்து கதிர்வீச்சு டாக்டர் கூப்பிட்டு, "இனி என் முறைம்மா" என்றார்.

ருமியானா கோட்டைக் கழற்றவில்லை. "உள்ள உட்கார்ந்து பேசினீங்களா? சண்டை வந்துச்சா?"

"வந்துச்சு."

"அசேனோவா ஒத்துக்கிட்டாங்களா?"

"கடைசியில ஒத்துக்கிட்டாங்க."

அவர் முகத்தை ஒருமுறை உற்றுப் பார்த்துவிட்டு, கோட்டுப் பொத்தானைக் கழற்றத் தொடங்கினாள்.